எடுக்கவா என்று கேட்பவள்

ஒரு பெண் செய்யாத தவறை அவள்தான் செய்திருப்பாள் என்று பிறர் நம்பும்படி நான் பேசினேன். தவறைச் செய்தது நான். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை உரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்தில் அவளுடைய தொழில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அவள் புகைப்படக்காரி. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயரை எழுதவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் கேட்டபோது, "எழுதுங்க சார். பேரு மட்டும் வேணாம்" என்றாள். எனவே இந்தப் பக்கங்களில் அவள் வெறும் அவள்தான்.

அவளை அறிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன் "எடுக்கவா?" என்று கேட்பாள். பெரிய மனிதரானாலும் பந்தியில் இலை எடுக்கிறவரானாலும் கேட்பாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முகம் சுளிக்க மாட்டாள், கெஞ்ச மாட்டாள். லென்ஸ் மூடியை 'டிக்' என்று பொருத்திக்கொண்டு நகர்ந்துவிடுவாள். கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கப் போனவள், மாட்டேன் என்று சொன்ன ஒரு சிறுமியை விட்டுவிட்டு மற்றவர்களை எடுத்துக் கொடுத்தாள். தலைமையாசிரியர் சத்தம் போட்டிருக்கிறார். "அதுக்கு மொகத்துல அம்மை போட்டுத் தழும்பா இருக்கு சார். ரெண்டு மாசம் கழிச்சு வாரேன், அப்பக் கேட்டுப் பாப்போம்" என்றாளாம். சொன்னபடி போய், எல்லாரையும் மறுபடி நிற்கவைத்து எடுத்தாள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவளுடைய சித்தி களையெடுத்துக்கொண்டிருந்ததை யாரோ படம் பிடித்துப் போய் உரக்கடை விளம்பரப் பலகையில் போட்டுவிட்டார்களாம். குனிந்த முதுகும், தூக்கிச் செருகிய சேலையுமாகச் சித்தி ஒரு வருஷம் மெயின் ரோட்டில் நின்றாள். "எங்க சித்தி அந்த ரோட்டு வழியா பஸ்ஸுல போறதையே விட்டுருச்சு சார். சுத்திப் போகும்" என்றாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடியில் என் பாட்டனார் காலத்தில் ஏலக்காய் வியாபாரத்துக்காகக் கட்டியது. கீழே கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். மூட்டைகளை எடை போட்ட பெரிய தராசு தொங்கிய இரும்புக் கொக்கி இன்னும் கூடத்து உத்தரத்தில் இருக்கிறது. மாடியில் பலகைத் தரை போட்ட நீண்ட அறை. பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரித்த இடம். மழைக்காலத்தில் அந்தப் பலகைகளிலிருந்து இப்போதும் வாசம் வரும். மனைவி இறந்து, மகன் வெளிநாட்டில் இருக்க, நான் மட்டும் அங்கே குடியிருக்கிறேன். கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த வீட்டின் மேல் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பங்காளிகளுக்கு அது ஓர் இடிந்த கட்டடம். சித்தப்பா மகன் ஒருவன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை, "அண்ணே, பேய் பங்களாவ எப்ப வித்துக் கடை கட்டப் போறோம்?" என்று கேட்பான். எல்லாரும் சிரிக்கும் பொம்மை போடுவார்கள்.

அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடத்திக்கொள்ள இடம் கேட்டு வந்தான் சேகர். என் பழைய மாணவன். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம். ஐம்பதைத் தாண்டியும் கட்டிக்கொள்ளாமல் இருந்தவன். அவன் கட்டிக்கொள்ளப்போவது சின்னமனூரில் ஓர் ஆசிரியை. கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எல்லாரும் அழைத்த மாதிரியே நானும் டீச்சர் என்றே எழுதுகிறேன். டீச்சரின் ஒரே மகள் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

"மகளுக்குத் தெரியும் சார். அவதான் பண்ணிக்கோம்மான்னு சொன்னா" என்றான் சேகர். "அவ மாமியார் வீட்டுக்குத்தான் தெரியக் கூடாது. தெரிஞ்சா வளைகாப்பு முடிஞ்சு பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்ப மாட்டாக. பிள்ளை பொறந்த பிற்பாடு பக்குவமாச் சொல்லிக்கலாம்னு டீச்சர் நெனைக்கிறாக. அதுவரைக்கும் காத்திருக்கலாம். ஆனா எங்க அம்மாவுக்கு நாள் குறிச்சுட்டாக டாக்டருக. கண்ணால பாத்துட்டுப் போறேங்குது."

பத்தொன்பது பேர் மட்டும் வருவார்கள். மகள் வர முடியாது, வந்தால் தெரிந்துவிடும். ஆகவே அவள் பிறகு பார்ப்பதற்காகப் படம் எடுக்க ஒருவர் வேண்டும், அவர் வாய் இறுகியவராக இருக்க வேண்டும். அப்படித்தான் புகைப்படக்காரி வந்தாள். யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று நான் சேகரின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டைப் பார்க்க வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் காலுறையோடு நடந்தாள். பலகை கிரீச்சிடக் கூடாதாம். முற்றத்து வெயில் எத்தனை மணிக்கு மேற்குத் தூணைத் தொடும் என்று என்னிடம் கேட்டாள். எழுபது வருஷம் அந்த வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. "பரவால்ல சார், நான் உக்காந்து பாத்துக்கிறேன்" என்று காலை முழுவதும் படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டேகாலுக்கு வெயில் தூணைத் தொட்டது. மெல்லச் சிரித்துக்கொண்டாள். கதவுச் சித்திரவேலையை எடுப்பதற்குக்கூட என்னிடம் கேட்டாள். கதவுக்கு எதற்குக் கேட்கிறாய் என்றேன். "கதவு உங்களுதாச்சே சார்" என்றாள்.

கல்யாணத்தன்று வாசலில் பழைய ஏலக்காய்க் கூடை ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போனையெல்லாம் இங்கன போட்டுருங்க. போகும்போது எடுத்துக்கலாம்."

சேகரின் தாய்மாமன் ஒருவர், "ஏத்தா, கோயில்ல செருப்பு விடுற மாதிரியில்ல இருக்கு" என்றார்.

"செருப்பாச்சும் தொலையும் மாமா. இது தொலையாது. டோக்கன் வேணுமா?"

"வேணாம். எம்போன எவனும் எடுக்க மாட்டான். எடுத்தா ரிப்பேருக்குத்தான் குடுக்கணும்."

நானும் போட்டேன், பொத்தான் வைத்த என் பழைய போனை. மகன் அனுப்பிய நல்ல போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. அதை நான் மறந்துவிடவில்லை.

டீச்சரிடமும் சேகரிடமும் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "இன்னைக்கு ஒரு நாளு மட்டும் ஒவ்வொருவாட்டியும் கேக்காம எடுத்துக்கவா? வேணாம்னு தோணுச்சுன்னா கையத் தூக்குங்க. நிறுத்திருவேன்." இருவரும் தலையாட்டினார்கள். டீச்சர் ஒரே ஒருமுறை கையைத் தூக்கினாள். தாலிக்கு முன் கூடையிலிருந்து தன் போனை வாங்கிக்கொண்டு பக்கத்து அறையில் மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது. 'டிக்' என்று சத்தம் கேட்டது. பேசி முடிக்கிறவரை அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

சேகரின் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். மலைப்பக்கத்திலேயே வாழ்ந்த கிழவி, பாதி மலையாளம் பேசும். புகைப்படக்காரி நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, "அம்மே, எடுக்கட்டே?" என்றாள்.

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தது. "முடி சீவல. இந்தக் கோலத்துலயா?"

கேமராவைத் தரையில் வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து சீப்பை எடுத்துச் சீவிவிட்டாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று யாரோ முனகினார்கள். அவள் கோணல் வகிடு எடுத்திருக்கிறாள் என்று கிழவி சொல்லவும், திரும்பவும் அவிழ்த்துச் சீவினாள். அதன் பிறகுதான் படம்.

எட்டேகால் வெயிலில் தாலி கட்டினான். அட்சதை விழுந்து சேகரின் மூக்குக் கண்ணாடியில் மஞ்சள் அரிசி ஒட்டிக்கொண்டது. அவன் ஒன்றும் தெரியாமல் விழித்தான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, மறுபடி அவன் முகத்தில் மாட்டி, சரியாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நாற்பத்தேழு வயதுப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடியில் அவள் இரண்டாவது கேமரா ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். கீழே அவள் பொத்தானை அமுக்கினால் அது தானாக எடுக்கும். அந்தக் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று, என் போனில் நானும் ஒரு படம் எடுத்தேன்.

நான் எடுத்தது வீட்டை. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். தூண், வெயில், கொக்கியில் தொங்கிய பூச்சரம், கீழே சின்னதாக இரண்டு பேர். மதியம் விருந்து முடிந்ததும் குடும்பக் குழுவில் போட்டு, "பேய் பங்களாவில் இன்று கல்யாணம்" என்று எழுதினேன். சித்தப்பா மகன் வாயடைத்துப் போனான். எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் முகம் தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மூன்றாம் நாள் அது கம்பத்துக்குப் போய்விட்டது. கைமாறிக் கைமாறிப் போனதில் என் பெயர் உதிர்ந்துவிட்டது. டீச்சர் எனக்குப் போன் செய்தாள். அழுகையில் பேச்சே சரியாக வரவில்லை.

"சம்பந்தி வீட்டுல பாத்துட்டாக சார். பிள்ளைய அனுப்ப மாட்டேங்கிறாக. படம் எப்படி சார் வெளிய போச்சு? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

நான் சொன்னேன்: "போனெல்லாம் கூடையிலதானே கெடந்துச்சு, டீச்சர். மாடியில இருந்தது அந்தப் பொண்ணோட கேமரா."

இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய பொய் இல்லை. சேர்த்துச் சொன்னால் என்ன அர்த்தமாகும் என்று தெரிந்துதான் சேர்த்துச் சொன்னேன். போனை வைத்தவுடன் குழுவிலிருந்து படத்தை நீக்கினேன்.

அடுத்து நடந்தவை எல்லாம் காதில் விழுந்தவை. வளைகாப்பைச் சம்பந்திகள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள், டீச்சரை அழைக்கவில்லை. பிரசவமும் கம்பத்திலேயே. "அவகிட்டக் குடுத்தா ஊருக்கே போயிரும்" என்ற பேச்சு புகைப்படக்காரியைப் பற்றி எழுந்தது. முதலில் டீச்சரின் பள்ளிக்கூடத்தில், பிறகு கல்யாண மண்டபங்களில். மயிலாடும்பாறையில் ஒப்புக்கொண்டிருந்த ஒரு கல்யாணத்தை முதல் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் ஆள் வந்ததே அவள் வாய் திறக்க மாட்டாள் என்பதற்காகத்தான். அந்தப் பெயர் போனதும் பாஸ்போர்ட் படங்கள்தான் மிஞ்சின.

ஏழாவது மாதம் ஒரு காலையில் அவள் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஓய்வூதிய அலுவலகத்துக்குப் படம் வேண்டும் என்ற சாக்கில். ஸ்டூலில் உட்காரவைத்து, தோளை நேராக்கச் சொல்லி, கேமராவுக்குப் பின்னால் போனாள்.

"எடுக்கவா சார்?"

"எடுக்காதம்மா. ஒண்ணு சொல்லணும்."

'டிக்'.

"அந்தக் கல்யாணப் படம் வெளிய போனதுக்கு நான்தான் காரணம். நான்தான் எடுத்தேன், நான்தான் அனுப்பினேன். உன் கேமரான்னு டீச்சர்கிட்டச் சொன்னதும் நான்தான்."

"தெரியும் சார்" என்றாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். கீழேயிருந்து அவள் எடுத்தது. டீச்சர் சேகருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுச் சிரிக்கிறாள். அவர்களுக்குப் பின்னால், மேலே, மாடிக் கைப்பிடியில் கட்டிய கேமராவுக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி ஒரு கிழவன் குனிந்து நிற்கிறான். முகம் நன்றாகவே தெரிந்தது.

"டீச்சர் திட்டுன அன்னைக்கே தேடிப் பாத்துட்டேன்."

"இதக் காட்டியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே."

"நாலு நாளு பிரிண்ட் போட்டுப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன் சார். டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அவுக ரெண்டு பேரத்தான் கேட்டுட்டு எடுத்தேன். உங்களக் கேக்கல. நீங்க அங்கன நிக்கிறதே எனக்குத் தெரியாது." "கோவமும் இருந்துச்சு. நீங்களாச் சொல்வீகன்னு பாத்தேன். ரெண்டு மாசம் பாத்தேன். அப்புறம் பாக்குறத விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, அம்மா."

"நீங்க வேணாம்னு சொல்லிட்டா? அப்புறம் எப்பவுமே காட்ட முடியாதுல்ல சார்."

அவள் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இப்பக் கேக்குறேன். டீச்சருக்குக் காட்டவா?"

"பிரிண்ட் போட்டுக் குடு. நானே கொண்டு போறேன்" என்றேன்.

அன்றே சின்னமனூர் போனேன். டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்தாள். முதலில் தன் சிரிப்பைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு மேலே என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைய நான் என்னென்ன வஞ்சேன் தெரியுமா சார்? பூராத்தையும் கேட்டுட்டுப் பேசாம நின்னா." பிறகு, "எம் மகளுக்கு வலி வந்தப்ப நான் கம்பம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குள்ள விட மாட்டாகன்னு தெரியும். பக்கத்துலயாச்சும் இருப்பமேன்னு போய் உக்காந்திருந்தேன். அதுக்கு யார்கிட்டப் போய் என்ன சொல்லுவீக நீங்க?"

சேகர் பழக்கத்தில், "சார், காப்பி குடிச்சிட்டு..." என்று எழுந்தான். "வேண்டாம். போகட்டும்" என்றாள் டீச்சர்.

குடும்பக் குழுவில் நடந்ததை முழுதும் எழுதிப் போட்டேன். சிலர் கும்பிடும் பொம்மை போட்டார்கள். சித்தப்பா மகன், "அண்ணே, பழச விடுங்க. வீட்டு விசயம் என்னாச்சு?" என்று எழுதினான். கம்பத்துக்கும் போனேன். சம்பந்தி என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "நீங்க எதுக்கு சார் வருத்தப்படுறீக? உங்க படம் இல்லாட்டி எங்கள ஏமாத்தியிருப்பாக. நீங்க நல்லதுதான் செஞ்சீக" என்று சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினார். இதற்காக எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நான் படத்தைக் காட்டிய மறுநாளே டீச்சர் ஸ்டுடியோவுக்குப் போய்ப் புகைப்படக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று சேகர் சொன்னான். தன்னுடைய பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னாளாம். கல்யாணங்கள் ஒன்றிரண்டாகத் திரும்பி வருகின்றன. போனவை எல்லாம் வரவில்லை. பெயர் கெட்ட வேகத்தில் திரும்புவதில்லை.

குழந்தைக்குப் பதினோராம் மாதம் காதுகுத்து. அதற்குள் சம்பந்திகளின் பிடிவாதம் கொஞ்சம் இளகியிருந்தது. டீச்சரையும் சேகரையும் அழைத்தார்கள். படம் எடுக்க அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். எனக்கு அழைப்பில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. பாட்டி மடியில் பேத்தி உட்கார்ந்திருந்தது என்றும், காது குத்தியபோது குழந்தையைவிட டீச்சர்தான் அதிகம் அழுதாள் என்றும் சேகர் போனில் சொன்னான்.

இரண்டு நாள் கழித்துப் புகைப்படக்காரிக்குப் போன் செய்தேன்.

"அம்மா, டீச்சர் மடியில குழந்தை இருக்கிற படம் ஒண்ணு... பாத்துட்டுக் குடுத்துருவேன். பாக்கலாமா?"

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எல்லாரிடமும் பேசுகிற அதே குரல்.

"கேட்டேன் சார். வேணாம்னுட்டாக."

"சரிம்மா" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.